கரிசல் மல்லி ஆஸ்திரேலியா சென்ற வழி: மறுக்கப்பட்டுப் பின்னர் வழங்கப்பட்ட ஒரு தாவர சுகாதாரச் சான்றிதழ்

## நிறுவனமும் சரக்கும்

தூத்துக்குடி, விருதுநகர் மாவட்டங்களின் கரிசல் காட்டில் வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைக்கப்படும் மல்லி (கொத்தமல்லி), தை, மாசி மாதங்களில் களத்துக்கு வருகிறது. மானாவாரிச் சம்சாரிகள் பெரும்பாலும் அதைக் களத்திலேயே அடித்துத் தூற்றி, கையில் இருக்கும் சாக்கில் கட்டி, கமிஷன் கடைக்கு அனுப்பிவிடுவார்கள். இந்தக் கட்டுரையில் பேசப்படும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம், இடையில் நிற்கும் கைகளைக் குறைத்து, உறுப்பினர்களுக்குக் கிலோவுக்குச் சில ரூபாயாவது கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்ற எண்ணத்தில் தொடங்கப்பட்டது. ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண்ணும், மசாலாப் பொருள் ஏற்றுமதியாளருக்கான நறுமணப் பொருள் வாரியப் பதிவும் அதனிடம் இருந்தன. இச்சம்பவத்துக்கு முன்பே மலேசியாவுக்கு நேரடியாக மல்லி அனுப்பிய அனுபவமும் அதற்கு உண்டு.

மெல்பர்னில் இந்திய மளிகைக் கடைகளுக்கு மொத்தமாகச் சரக்கு கொடுக்கும் ஓர் இறக்குமதியாளர், முழு மல்லி இருபது அடிக் கண்டெய்னர் ஒன்று கேட்டார். மல்லி எடைக்கு இடம் அதிகம் பிடிக்கும் சரக்கு. ஆகவே கண்டெய்னர் நிறைந்தாலும் எடை ஏறத்தாழ 10 டன்தான், அதாவது 25 கிலோ பைகளாக 400 பைகள். விலை மலேசிய விலையைவிட நல்ல விலையாக இருந்தது. தூத்துக்குடித் துறைமுகம் பக்கத்திலேயே இருந்ததும், அங்கேயே தாவரத் தடுப்புக் காப்பு நிலையம் இயங்குவதும் நிறுவனத்துக்கு நம்பிக்கை அளித்தன. ஏற்றுமதி ஆவணங்களையும் குடோன் சுகாதாரத்தையும் பார்த்துக்கொடுக்கும் ஆலோசகர் என்ற முறையில் முதல் ஆய்வில் சான்றிதழ் மறுக்கப்பட்ட பிறகு நான் அழைக்கப்பட்டேன். அதற்கு முந்தைய நிகழ்வுகளை அவர்களுடைய பதிவேடுகளிலிருந்தும், சம்பந்தப்பட்டவர்கள் சொல்லியதிலிருந்தும் தொகுத்திருக்கிறேன்.

## கேட்கப்பட்டது என்ன, புரிந்துகொள்ளப்பட்டது என்ன

துறைமுக வட்டாரத்தில் ‘பைட்டோ’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் தாவர சுகாதாரச் சான்றிதழ், 1951ஆம் ஆண்டின் பன்னாட்டுத் தாவரப் பாதுகாப்பு உடன்படிக்கையின்கீழ் ஓர் அரசு இன்னோர் அரசுக்குக் கொடுக்கும் உறுதிமொழி. இந்தியாவில் அதை வழங்கும் அதிகாரம் ஃபரிதாபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தாவரப் பாதுகாப்பு, தடுப்புக் காப்பு மற்றும் சேமிப்பு இயக்குநரகத்துக்கும், அந்த இயக்குநரகத்தின் வழியாக அதிகாரமளிக்கப்பட்ட அலுவலர்களுக்கும் உரியது. எந்தப் பூச்சி இருக்கக் கூடாது, எந்தச் சிகிச்சை வேண்டும், எந்தக் கூடுதல் வாக்கியம் சான்றிதழில் இடம்பெற வேண்டும் என்பதை இறக்குமதி செய்யும் நாடே முடிவு செய்கிறது. ஏற்றுமதி நாட்டின் அலுவலர் அந்த நிபந்தனை நிறைவேறியிருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்திடுகிறார். பூச்சிமருந்து எச்சம், பூஞ்சை நச்சு, நிறம், மணம் போன்ற தரக் கேள்விகள் இந்தச் சான்றிதழின் வரம்புக்குள் வருவதில்லை. முதல்முறை ஏற்றுமதி செய்பவர்கள் பலர் இந்த இரண்டையும் ஒன்றாகக் கருதி, ஆய்வகத் தர அறிக்கையைக் கொண்டுபோய்க் காட்டுவதை நான் பார்த்திருக்கிறேன்.

மெல்பர்ன் இறக்குமதியாளர் தம் நாட்டின் இறக்குமதி நிபந்தனைகளை மின்னஞ்சலில் முழுமையாகவே அனுப்பியிருந்தார். அவற்றின் மையத்தில், சேமித்து வைத்த தானியத்தை அழிக்கும் காப்ரா வண்டு இருந்தது. ஆஸ்திரேலியாவில் நிலைபெறாத அந்த வண்டு உள்ளே நுழைந்துவிடாதபடி, 2020 முதல் அந்நாடு படிப்படியாகக் கட்டுப்பாடுகளை இறுக்கி வந்தது. மல்லி, சீரகம், சோம்பு, காய்ந்த மிளகாய், அரிசி, கொண்டைக்கடலை, துவரை, நிலக்கடலை முதலியவை அதிக இடர் உள்ள பொருள்கள் என்றும், இந்தியா அந்த வண்டு இருக்கும் நாடு என்றும் பட்டியலிடப்பட்டுள்ளன. இந்தச் சரக்குக்கு நிறுவனம் தேர்ந்துகொண்ட சிகிச்சை மீத்தைல் புரோமைடு புகைமூட்டம், அதாவது சரக்கை மூடி அந்த நச்சு வாயுவைச் செலுத்திப் பூச்சியைக் கொல்வது. கன மீட்டருக்கு 80 கிராம், 10 பாகை செல்சியசுக்குக் குறையாத வெப்பநிலை, 48 மணி நேரம், அந்த நேர முடிவிலும் கன மீட்டருக்கு 20 கிராமுக்குக் குறையாத வாயு எஞ்சியிருத்தல் என்பவை அதற்கான அளவுகள். இவற்றுடன் சான்றிதழில் ஒரு கூடுதல் அறிவிப்பும் கேட்கப்பட்டது. சரக்கைப் பிரதிபலிக்கும் மாதிரிகள் ஆய்வு செய்யப்பட்டன என்றும், காப்ரா வண்டு அடங்கிய டிரோகோடெர்மா பேரினத்தைச் சேர்ந்த எந்தப் பூச்சியின் அடையாளமும், உயிருடனோ இறந்தோ உரித்த தோலாகவோ, அவற்றில் காணப்படவில்லை என்றும் அது கூற வேண்டும்.

நிறுவனத்தின் அலுவலகத்தில் இந்த நிபந்தனையின் முதல் பாதி மட்டுமே மனத்தில் பதிந்தது. மலேசியாவுக்கு அனுப்பியபோது அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வைத்து, உயிருள்ள பூச்சி இல்லை என்று காட்டியதும் சான்றிதழ் கிடைத்திருந்தது. இம்முறை மருந்து வேறு, அளவு அதிகம், அவ்வளவுதான் வித்தியாசம் என்று மேலாளரும் சுங்க முகவரும் ஒரே முடிவுக்கு வந்துவிட்டார்கள். கூடுதல் அறிவிப்பு என்பது அலுவலர் தட்டச்சு செய்து சேர்க்கும் ஒரு வரி என்றே இருவரும் கருதினர். அந்த வரி உண்மையாக இருப்பதற்குச் சரக்கில் என்ன செய்திருக்க வேண்டும் என்ற கேள்வி அந்தக் கட்டத்தில் எழவில்லை.

## முதல் ஆய்வில் கண்டது

மல்லி மாசி முதல் ஒரு வாடகைக் குடோனில் இருந்தது. வைகாசி வெயிலில், அதே குடோனுக்குள் அடுக்கின்மேல் வாயு புகாத விரிப்பைப் போர்த்தி, ஓரங்களில் மணல் பைகளை வைத்து அழுத்தி, அங்கீகாரம் பெற்ற புகைமூட்ட நிறுவனம் ஒன்று முறைப்படி வேலையைச் செய்தது. அளவீட்டுப் பதிவேட்டைப் பிற்பாடு நான் வரி வரியாகப் பார்த்தேன். 48 மணி நேர முடிவில் எஞ்சிய வாயுவின் அடர்த்தி தேவைக்கு மேலேயே இருந்தது. புகைமூட்டத்தில் குறை எதுவும் இல்லை.

வாயுவை வெளியேற்றி, உள்ளே நுழையத் தடையில்லை என்று உறுதியான பிறகு தாவரத் தடுப்புக் காப்பு அலுவலர் ஆய்வுக்கு வந்தார். அடுக்கின் மேல்வரிசை, நடுவரிசை, அடிவரிசை என எல்லா மட்டங்களிலிருந்தும் பைகளை இறக்கச் சொல்லி, குத்தூசியால் மாதிரி எடுத்து, அடுக்குச் சல்லடையில் சலித்து, தட்டில் தங்கிய தூசியைக் கைவில்லையில் பார்த்தார். மேல்வரிசைப் பைகளில் மல்லித் தூளும் உடைந்த தாளும் தவிர எதுவும் இல்லை. சுவர்ப் பக்கமிருந்த அடிவரிசைப் பைகளின் தூசியில், பழுப்பு நிறத்தில், மயிர் அடர்ந்த, உள்ளே கூடாக இருந்த சில தோல்களும் ஒரு செத்த புழுவும் கிடைத்தன. அலுவலர் அவற்றைக் குப்பியில் எடுத்துச் சென்றார். நுண்ணோக்கியில் பார்த்தபின் அவை டிரோகோடெர்மா பேரினத்தைச் சேர்ந்தவை என்று சொல்லப்பட்டது, சான்றிதழ் மறுக்கப்பட்டது.

மேலாளர் அன்று அலுவலரிடம் கேட்ட கேள்வி நியாயமானதாகவே பலருக்கும் தோன்றும். “பூச்சி எல்லாம் செத்துப்போச்சே சார், செத்தது போய் அங்க என்ன செய்யப்போகுது?” என்று அவர் கேட்டிருக்கிறார். அலுவலர் பொறுமையாகப் பதில் சொல்லியிருக்கிறார். இறக்குமதி நாட்டில் தட்டில் விழும் தோலைப் பார்க்கும் அலுவலருக்கு, அது மருந்து வைக்கும் முன் உரிந்ததா, வைத்த பின் பிழைத்த புழு உரித்ததா என்று தெரியாது. மேலும், இந்த வண்டின் புழு பட்டினியிலும் வறட்சியிலும் வளர்ச்சியை நிறுத்தி, சுவர் வெடிப்பிலும் சாக்குத் தையலிலும் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கக் கூடியது. அந்த நிலையில் மருந்தையும் மற்றப் பூச்சிகளைவிட அதிகமாகத் தாங்கும். ஆகவே ஒரு தோல் இருந்தாலே, அந்தச் சரக்கு இந்தப் பூச்சி வாழும் இடத்தில் இருந்திருக்கிறது என்பதே அவர்கள் எடுத்துக்கொள்ளும் பொருள். ‘காணப்படவில்லை’ என்று எழுதிக் கையெழுத்திட வேண்டியவர் தாம் என்றும், கண்டுவிட்டபின் அதை எழுத இயலாது என்றும் அவர் சொன்னதாக மேலாளரே என்னிடம் கூறினார்.

இது மிகையான கண்டிப்பு என்று நினைப்பவர்களுக்காக இரண்டு செய்திகளைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1953இல் கலிபோர்னியாவில் கண்டுபிடிக்கப்பட்ட இந்த வண்டை அமெரிக்காவிலிருந்து ஒழிக்க, கட்டடம் கட்டடமாக விரிப்புப் போர்த்திப் புகைமூட்டி, 1966 வரை பாடுபட வேண்டியிருந்தது. 2017 டிசம்பரில் இலங்கைத் தேயிலைச் சரக்கு ஒன்றில் இதே வண்டு காணப்பட்டதாகக் கூறி, ரஷ்யா அந்நாட்டுத் தேயிலை முழுவதற்கும் தற்காலிகத் தடை விதித்தது. அந்த மாத இறுதிக்குள் தடை விலக்கப்பட்டாலும், மலையகத் தோட்டங்கள் முதல் கொழும்பு ஏலம் வரை அது உண்டாக்கிய பதற்றம் சிறிதன்று. ஒரு சரக்கில் இருக்கும் பூச்சி ஒரு நாட்டின் முழு ஏற்றுமதியையும் நிறுத்தக் கூடும் என்பதால்தான் அலுவலர்கள் இவ்வளவு கவனமாக இருக்கிறார்கள். அந்தக் கவனம் ஏற்றுமதி செய்யும் மற்ற எல்லா விவசாயிகளையும் காப்பாற்றுகிறது.

## பூச்சி எங்கிருந்து வந்தது

நான் அந்தக் குடோனுக்குப் போனபோது முதலில் மல்லியைப் பார்க்கவில்லை. மல்லியில் வழக்கமாக விழுவது சிகரெட் வண்டும் மருந்துக்கடை வண்டும்தான். தானியத்தையும் பயறையும் விரும்பும் காப்ராவுக்கு மல்லி முதல் தேர்வு அன்று. ஆகவே அது வேறொன்றிலிருந்து வந்து ஒதுங்கியிருக்க வேண்டும் என்ற எண்ணத்தில் சுவரையும் சாக்கையும் பார்த்தோம்.

குடோன் பழைய செங்கல் கட்டடம். அடிச்சுவரில் சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்து, செங்கற்களுக்கு இடையே விரல் நுனி நுழையும் அளவுக்கு வெடிப்புகள் இருந்தன. நிறுவனம் வாடகைக்கு எடுப்பதற்கு முன் அங்கே பல ஆண்டுகள் பயறு வகைகளும் கோதுமையும் இருப்பு வைக்கப்பட்டிருந்ததாகக் கட்டட உரிமையாளர் சொன்னார். வெடிப்பைக் கத்தி முனையால் சுரண்டிக் காகிதத்தில் தட்டியபோது பழைய தூசியோடு உரித்த தோல்களும் விழுந்தன. அவற்றின் நடுவே புழுக்கள் உயிரோடு நெளிந்தன. விரிப்பு மூட்டை அடுக்கைத்தான் போர்த்தியிருந்தது, சுவரைப் போர்த்தவில்லை. அடுக்கு சுவரோடு ஒட்டியிருந்ததால், விரிப்பை இறக்குவதற்காக அதைச் சற்று நகர்த்தி அடுக்கியிருந்தார்கள். ஆனால் அதற்கு முன் மூன்று மாதமாக அடிவரிசைப் பைகள் அந்தச் சுவரோடுதான் சாய்ந்திருந்தன.

இரண்டாவது வழி சாக்கு. சம்சாரிகள் மல்லியைக் கொண்டுவந்தது சந்தையில் வாங்கிய பழைய கோணிச் சாக்குகளில். அவற்றில் முன்பு என்ன இருந்தது என்பது யாருக்கும் தெரியாது. நிறுவனம் அந்தச் சாக்குகளைக் குடோனுக்குள்ளேயே அவிழ்த்து, மல்லியைப் புதிய பைகளுக்கு மாற்றி, வெற்றுச் சாக்குகளை மூலையில் குவித்து வைத்திருந்தது. அந்தக் குவியலில் சில சாக்குகளின் தையல் மடிப்பைப் பிரித்ததும் புழுக்கள் வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தன. சாக்கிலிருந்து சுவருக்குப் போனதா, சுவரிலிருந்து சாக்குக்கு வந்ததா என்று தீர்மானிக்க முடியவில்லை. தீர்மானிக்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை, ஏனென்றால் இரண்டையும் சரிசெய்தாக வேண்டும்.

## முன்னால் இருந்த வழிகளும் எடுத்த முடிவும்

நிறுவனத்தின் இயக்குநர் குழு கூடியபோது நான்கு யோசனைகள் வந்தன. வேறு பைகளிலிருந்து மாதிரி எடுத்து மறு ஆய்வு கேட்கலாம் என்றார் ஒருவர். வேறு ஊர் நிலையத்தில் புதிதாக விண்ணப்பிக்கலாம் என்பதும் அதன் தொடர்ச்சியாகப் பேசப்பட்டது. சரக்கில் பூச்சியின் அடையாளம் இருப்பது தெரிந்த பிறகு, அது தென்படாத ஒரு மாதிரியைத் தேடிப் பிடிப்பது அறிவிப்பைப் பொய்யாக்கும் செயல் என்று நான் சொன்னேன். குழுத் தலைவர், மூத்த விவசாயி, அதை உடனே ஏற்று அந்தப் பேச்சை அத்தோடு நிறுத்தினார். மெல்பர்ன் துறைமுகத்தில் அதே தோல் கிடைத்தால் சரக்கைத் திருப்பி அனுப்பவோ அழிக்கவோ நேரும் என்ற கணக்கும் இருந்தது. ஆனால் அவர் அந்தக் கணக்குக்காக மறுத்ததாக எனக்குத் தோன்றவில்லை.

மேல்வரிசைப் பைகளை மட்டும் பிரித்து அனுப்பலாம் என்பது இரண்டாவது யோசனை. கேட்பதற்கு இது சரியாகவே இருந்தது. ஆனால் விரிப்புப் போர்த்துவதற்காக அடுக்கை நகர்த்தியபோது வரிசைகள் கலந்துவிட்டிருந்தன. எந்தப் பை எந்த இடத்தில் இருந்தது என்பதற்குப் பைகளில் எண்ணோ குறியோ இல்லை. மூன்றாவது, சரக்கை மலேசியாவுக்குத் திருப்புவது. இதைக் குழு மிகத் தீவிரமாகவே பரிசீலித்தது. அங்கே இப்படிப்பட்ட அறிவிப்பு கேட்கப்படவில்லை, பழகிய வாங்குபவரும் இருந்தார். விலை குறைவு என்பதையும், மெல்பர்ன் ஒப்பந்தம் முறிந்தால் அந்த வாசல் மீண்டும் திறக்காது என்பதையும் எண்ணியே இது கைவிடப்பட்டது.

நான்காவது வழியே தேர்ந்தெடுக்கப்பட்டது. பைகள் அனைத்தையும் பிரித்து, மல்லியை இயந்திரத்தில் சுத்தம் செய்து, வேறு குடோனுக்கு மாற்றி, புதிய பைகளில் கட்டி, மீண்டும் ஆய்வும் புகைமூட்டமும் செய்வது. உரித்த தோல் மல்லிக் காயைவிட மிக இலேசானது. காற்றால் தூற்றிப் பிரிக்கும் இயந்திரம் அதை எளிதில் விலக்கும் என்பதே இதன் அடிப்படை. மல்லி உருண்டையாக, ஒரே அளவாக இருப்பதால் சல்லடையும் நன்றாக வேலை செய்யும். இதே நிலை சோம்பிலோ சீரகத்திலோ ஏற்பட்டிருந்தால் இவ்வளவு நம்பிக்கையோடு இந்த வழியைச் சொல்லியிருக்க மாட்டேன்.

இந்த முடிவில் ஒரு தயக்கம் இருந்தது. ஒரே சரக்குக்கு இரண்டு முறை மீத்தைல் புரோமைடு வைத்தால் அதில் புரோமைடு எச்சம் கூடும். வெப்பச் சிகிச்சை என்ற மாற்று வழியும் நிபந்தனைகளில் உண்டு. ஆனால் மணிக்கணக்கில் 60 பாகைச் சூட்டில் வைத்தால் மல்லிக்கு மணம் தரும் ஆவியெண்ணெய் குறையும் என்ற அச்சம் இருந்தது, அதற்கான வசதியும் எட்டும் தூரத்தில் இல்லை. ஆகவே நிலைமையை மறைக்காமல் இறக்குமதியாளருக்கு எழுதினோம். முதல் ஆய்வில் என்ன கிடைத்தது, ஏன் தாமதம், இரண்டாம் புகைமூட்டம் ஏன் தேவை என்பதைச் சொல்லி, எச்ச ஆய்வு அறிக்கை வந்த பிறகே கப்பல் ஏற்றுவோம் என்று உறுதி கூறினோம். அவர், பணம் தருவதாக வங்கி உறுதி கூறும் கடன் உறுதிக் கடிதத்தின் காலக்கெடுவை நீட்டிக்க ஒப்புக்கொண்டார். முன்பே உண்மை சொன்னதால்தான் அது நடந்தது என்பது என் கருத்து.

## சுத்தம் செய்த விதம்

விருதுநகர் பக்கம் இருந்த ஒரு தனியார் சுத்திகரிப்பு ஆலை வாடகைக்கு எடுக்கப்பட்டது. ஆலையிலேயே முந்தைய சரக்கின் மிச்சம் இருந்தால் எல்லா உழைப்பும் வீண் என்பதால், தூக்கி இயந்திரத்தின் அடிக்குழி, சல்லடைச் சட்டங்களின் மூலைகள், காற்றுக் குழாயின் வளைவுகள் ஆகியவற்றைத் திறந்து உறிஞ்சியால் துப்புரவு செய்யச் சொன்னோம். ஆலைக்காரருக்கு இது எரிச்சலாகவே இருந்தது. அடிக்குழியிலிருந்து வந்த பழைய உளுந்துக் குருணையைக் காட்டியபிறகு அவரும் ஆள் கொடுத்து உதவினார். முதலில் ஓடிய மல்லியைத் தனியே ஒதுக்கி, உள்ளூர் விற்பனைக்கு வைத்தோம். தூற்றிய கழிவு முழுவதும் அன்றன்றே கட்டப்பட்டு, ஆலை வளாகத்துக்கு வெளியே எரிக்கப்பட்டது. உடைந்த பருப்பும் தாளும் போனதில் எடை குறைந்தது. குறைந்த அளவை உறுப்பினர்களிடம் இருந்த, இன்னும் குடோனுக்கு வராத மல்லியைக் கொண்டு ஈடுசெய்தோம். அதுவும் அதே இயந்திரத்தில் ஓடிய பிறகே சேர்க்கப்பட்டது.

புதிய குடோன் சிமெண்டுத் தரையும் பூசிய சுவரும் கொண்டது. பைகள் சுவரிலிருந்து ஆள் நடக்கும் இடைவெளி விட்டு அடுக்கப்பட்டன. ஒவ்வொரு பைக்கும் எண் இடப்பட்டது. இறக்குமதியாளர் முதலில் கேட்டிருந்த உள் பிளாஸ்டிக் உறையைக் கைவிடும்படி அவரிடம் கேட்டு, நெய்த பை மட்டும் போதும் என்று ஒப்புதல் பெற்றோம், ஏனென்றால் துளையில்லாத பிளாஸ்டிக்கை மீத்தைல் புரோமைடு சரியாக ஊடுருவாது. மரப் பலகைத் தட்டுகளையும் தவிர்த்தோம். மரத்தட்டு வைத்தால் அதற்குத் தனியே சிகிச்சையும் முத்திரையும் வேண்டும். பைகளை நேராகக் கண்டெய்னர் தரையில் அடுக்கினால் அந்தக் கவலை இல்லை.

கண்டெய்னரும் கவனிக்க வேண்டிய பொருள்தான். 2021 முதல், இத்தகைய பொருள்கள் ஏற்றப்படும் கண்டெய்னரே காப்ரா வண்டுக்கான சிகிச்சைக்கு உட்பட்டிருக்க வேண்டும் என்பது ஆஸ்திரேலியாவின் நிபந்தனை. தரைப்பலகையின் இடுக்கில் தங்கும் பழைய தானியம் அந்த வண்டுக்குப் போதுமான வீடு. முதலில் வந்த கண்டெய்னரின் கதவோரத் தரைவிளிம்பில் அரிசிக் குருணை இருந்தது; திருப்பி அனுப்பி வேறு கேட்டோம். இரண்டாவது கண்டெய்னரை உறிஞ்சியால் சுத்தம் செய்து, இடுக்குகளை விளக்கு வைத்துப் பார்த்து, சரக்கை ஏற்றியபின் சரக்கும் கண்டெய்னரும் சேர்ந்தே புகைமூட்டம் பெறுவதாகத் திட்டமிட்டோம்.

## இரண்டாம் ஆய்வும் சான்றிதழ் வரைவும்

இம்முறை புகைமூட்டத்துக்கு முன்பே நாங்களே மாதிரி எடுத்தோம். அலுவலர் செய்த அதே முறையில், எல்லா மட்டத்துப் பைகளிலிருந்தும் குத்தூசியால் எடுத்துச் சலித்து, தூசியை வெள்ளைத் தாளில் பரப்பிப் பார்த்ததில் எதுவும் கிடைக்கவில்லை. பின்னர் அதிகாரபூர்வ ஆய்வு புதிய குடோனில் நடந்தது. அடிவரிசைப் பைகளை அலுவலர் வழக்கத்தைவிட அதிகமாகவே சோதித்தார். அது அவருடைய கடமை என்பதில் நிறுவனத்தில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. மாதிரிகள் தூய்மையாக இருந்தன. அதன்பின் பைகள் ஏற்றப்பட்டு, வாயு சுற்றிவர மேலே இடம் விட்டு, கண்டெய்னரின் மேல் விரிப்புப் போர்த்திப் புகைமூட்டம் செய்யப்பட்டது. முன்பக்கம், நடு, கதவுப் பக்கம் என மூன்று இடங்களில் குழாய் வைத்து அடர்த்தி அளக்கப்பட்டது. மாதிரியின் புரோமைடு எச்ச ஆய்வு இறக்குமதியாளர் குறித்த வரம்புக்குள் இருந்தது.

இந்தக் கட்டத்தில் இன்னொரு தடை ஏற்பட இருந்தது. இணையவழி விண்ணப்பத்தின் அடிப்படையில் தயாரான சான்றிதழ் வரைவைச் சுங்க முகவர் அனுப்பியபோது, கூடுதல் அறிவிப்பில் ‘உயிருள்ள டிரோகோடெர்மா இல்லை’ என்று மட்டும் இருந்தது. ‘இறந்தோ உரித்த தோலாகவோ’ என்ற பகுதி விடுபட்டிருந்தது. முகவர் நிபந்தனைத் தாளைப் பார்க்காமல், நினைவிலிருந்து விண்ணப்பத்தில் எழுதியதே காரணம். பொதிப் பட்டியலில் நிகர எடையும் வரைவில் மொத்த எடையும் இருந்ததும், மல்லியின் தாவரவியல் பெயரான கொரியாண்ட்ரம் சட்டைவம் என்பதில் எழுத்துப் பிழை இருந்ததும் அப்போது கண்டுபிடிக்கப்பட்டன. கையெழுத்தான சான்றிதழில் கையால் திருத்தம் செய்ய முடியாது. செய்தால் அது செல்லாது, புதிதாக மாற்றுச் சான்றிதழ்தான் வாங்க வேண்டும். கப்பல் போன பிறகு இந்தப் பிழை மெல்பர்னில் தெரிந்திருந்தால், சுத்தமான சரக்கு காகிதத்தால் நின்றிருக்கும். வரைவு நிலையிலேயே மூன்றும் திருத்தப்பட்டு, சான்றிதழ் வழங்கப்பட்டது.

## விளைவு

கண்டெய்னர் தூத்துக்குடியிலிருந்து சிறு கப்பலில் கொழும்புக்கும், அங்கிருந்து பெரிய கப்பலில் மெல்பர்னுக்கும் சென்றது. கொழும்பில் கண்டெய்னர் திறக்கப்படாததால் அங்கே தனிச் சான்றிதழ் தேவைப்படவில்லை. மெல்பர்னில் ஆவணங்கள் சரிபார்க்கப்பட்டு, சரக்கு சோதிக்கப்பட்டு, எந்தக் குறையும் இல்லாமல் விடுவிக்கப்பட்டது என்று இறக்குமதியாளர் எழுதினார்.

பண அளவில் இந்த ஏற்றுமதி நிறுவனத்துக்கு இலாபம் தரவில்லை. ஆலை வாடகை, புதிய பைகள், இரண்டாம் புகைமூட்டம், தவறவிட்ட கப்பலுக்கான கட்டணம், கடன் உறுதிக் கடிதத் திருத்தம் ஆகிய செலவுகள் எதிர்பார்த்த இலாபத்தை முழுவதுமாக விழுங்கின. இந்த இழப்பை உறுப்பினர்களுக்கு ஏற்கெனவே ஒப்புக்கொண்ட விலையில் கழிக்கலாமா என்ற பேச்சு குழுவில் வந்தது. குடோனைத் தேர்ந்தெடுத்தது நிறுவனம், சாக்குகளைக் குடோனுக்குள் அவிழ்த்தது நிறுவனம், ஆகவே சம்சாரியின் கணக்கில் ஒரு ரூபாயும் கை வைக்கக் கூடாது என்று குழு முடிவெடுத்தது. நான் பார்த்த உற்பத்தியாளர் நிறுவனங்களில் இப்படி முடிவெடுக்கும் துணிவு அரிதாகவே இருந்திருக்கிறது.

## மாற்றப்பட்டவையும் மாறாதவையும்

பழைய குடோனை நிறுவனம் விட்டுவிட்டது. விடும் முன் வெடிப்புகளைச் சுரண்டிச் சிமெண்டு பூசி, மருந்து தெளித்துக் கொடுத்தது, ஏனென்றால் அடுத்து அங்கே வருபவரும் பக்கத்துச் சம்சாரிகளின் சரக்கைத்தான் வைப்பார். புதிய குடோனில் நான்கு மூலைகளிலும் மடிப்புள்ள அட்டைத் துண்டுகளுக்குள் கோதுமை முளைத் தூள் வைத்த பொறிகள் இருக்கின்றன. புழு இருளையும் இடுக்கையும் தேடி அதற்குள் நுழையும் என்பதால், குறிப்பிட்ட இடைவெளியில் அவற்றைப் பிரித்துப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுகிறார்கள். பழைய சாக்குகளை அவிழ்ப்பது இப்போது குடோனுக்கு வெளியே தனிக் கொட்டகையில் நடக்கிறது. வெளிநாட்டு ஆர்டர் வந்தால், விலை பேசும் முன் இறக்குமதி நிபந்தனைத் தாளை வாங்கி, அதன் ஒவ்வொரு வரிக்கும் எதிரே யார், எங்கே, எப்போது அதை நிறைவேற்றுவார் என்று எழுதி, இயக்குநர் குழுவில் வாசிக்கிறார்கள். கூடுதல் அறிவிப்பு அந்தத் தாளிலிருந்து எழுத்துக்கு எழுத்து நகலெடுக்கப்படுகிறது.

அடுத்த பருவத்தில் மெல்பர்னுக்குப் போன சரக்கு முதல் ஆய்விலேயே சான்றிதழ் பெற்றது.

தீராத பிரச்சினை சாக்குதான். உறுப்பினர்கள் ஒவ்வொருவருக்கும் அறுவடைக்கு முன் புதிய சாக்கு கொடுத்தால் பூச்சி வரும் பெரிய வழி அடைபடும். ஆனால் அறுவடைக் காலத்தில் நிறுவனத்தின் கையில் பணம் இருப்பதில்லை, வங்கி நடைமுறை மூலதனக் கடனோ சரக்கு குடோனுக்கு வந்த பிறகே கிடைக்கிறது. ஏற்றுமதிக்கு ஒப்புக்கொண்ட உறுப்பினர்களுக்கு மட்டும் சாக்கு கொடுத்து, அதன் விலையைக் கொள்முதலின்போது சரிக்கட்டலாம் என்று குழு சோதித்துப் பார்த்தது. சிலர் புதிய சாக்கை நெல்லுக்கு எடுத்துக்கொண்டு மல்லியைப் பழைய சாக்கில் கொண்டுவந்தார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. நல்ல சாக்கு வீட்டுக்கு வந்தால் அதில் முதலில் நெல் வைப்பதே அந்த ஊர் வழக்கம். இப்போது சாக்குகளில் நிறுவனத்தின் பெயரை அச்சிட்டு, அச்சிட்ட சாக்கில் வரும் மல்லிக்கு மட்டும் ஏற்றுமதி விலை என்று அறிவித்திருக்கிறார்கள். வரும் தை அறுவடையில்தான் அதன் பலன் தெரியும்.